சிறு காயமும் எழுதப்பட வேண்டியதே

காஞ்சி மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்கு வடக்கே உள்ளது தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் வெட்டுவித்த 'திரையனேரி'யே நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்று சொல்வர். பரந்து விரிந்த அந்த ஏரியின் கரையில் நின்று பார்த்தால் ஒரு புறம் வயல்கள். ஒரு புறம் பட்டுத்தறியின் ஊராகிய காஞ்சிபுரம். மற்றொரு புறம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள். கதிர் அரிவாள், தறி, இயந்திரம் ஆகிய மூவகை உழைப்பும் அடுத்தடுத்து நடக்கும் பகுதி இது. மூன்றிலும் மனிதனின் கை காயப்படுகிறது.

காயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரு விபத்தே. பேருந்து கவிழ்ந்தால் செய்தித்தாளில் எழுதுகிறார்கள்; கொலை நடந்தால் காவல் நிலையத்தில் எழுதுகிறார்கள். அரிவாள் விரலைக் கீறியதையும், ஜரிகை இழை அறுத்ததையும், சாய அண்டாவின் கொதிநீர் தெறித்ததையும், ஏரிக்கரையில் பிள்ளை சறுக்கி விழுந்ததையும் யார் எழுதினார்கள்? மஞ்சளை வைத்துக் கட்டினோம், மறந்தோம் என்பதே பெரும்பாலும் நம் வழக்கம். ஆயினும் சிறு காயங்களுக்குப் பெயர் சூட்டி, தரம் பிரித்து, எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் உலகத்துக்குப் புதியதன்று. அதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதில் நம் மார்க்க அறிஞர்களுக்கும் சிறந்த பங்கு உண்டு. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

திருமுக்கூடல் சொல்வதும் சொல்லாததும்

தென்னேரிக்குத் தெற்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. கி.பி. 1068ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற அது, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் 'வீரசோழன்' என்ற ஆதுலசாலையையும், அதாவது மருத்துவமனையையும், பற்றிக் கூறுகிறது.

அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. கோதண்டராமன் அசுவத்தாமபட்டன் என்பவர் மருத்துவர். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர் தனியே இருந்தார். மருந்துக்கு வேண்டிய மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சவும் நோயாளரைப் பேணவும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர் அனைவரும் கணக்கில் வருகின்றனர். இரவெல்லாம் எரியும் விளக்குக்கும் செலவு ஒதுக்கப்பட்டது. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, வில்வாதிகிருதம், கல்யாணலவணம் என்று ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்கள் கல்லில் இடம் பெற்றுள்ளன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் இத்தகைய ஏற்பாடு இருந்தது பெருமைக்குரியதே. அறுவை செய்பவரையும் நாவிதரையும் ஒருங்கே வைத்திருந்ததிலிருந்து, வெட்டுக்காயமும் கொப்புளமும் அங்கே கவனிக்கப்பட்டன என்று நாம் உய்த்துணரலாம். நம் ஊர்களிலும் சுன்னத் செய்து வந்த ஒஸ்தாக்களே சின்னஞ்சிறு இரணங்களுக்கும் மருந்து கட்டிய காலம் ஒன்று இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லின் அளவு கல்லில் இருக்கிறது. எண்ணெயின் செலவு இருக்கிறது. மருந்தின் பெயர் இருக்கிறது. அந்த 15 படுக்கைகளில் படுத்தவர் யார், எதனால் காயப்பட்டார், எத்தனை நாளில் எழுந்தார் என்பது இல்லை. கொடையைப் பதிவு செய்வதே கல்வெட்டின் நோக்கம். ஆகையால் அதன்மீது குறை சொல்வதற்கில்லை. ஆயினும் செலவுக் கணக்கு நிலைத்து நிற்க, வலியின் கணக்கு மறைந்து போவது உலகில் பல இடங்களில் காணப்படும் உண்மையாகும்.

பத்துப் பெயர்கள்

இனி இஸ்லாமியச் சட்டக் கலையின் பக்கம் திரும்புவோம். தலையிலும் முகத்திலும் படும் காயங்களை நம் ஃபிக்ஹு நூல்கள் 'ஷிஜாஜ்' என்ற பெயரால் தொகுத்து, ஆழத்தை அளவாகக் கொண்டு வகுத்தன. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் அவை பத்தாகக் கூறப்படும்.

தோலை மட்டும் சிறிது கீறுவது ஹாரிஸா. இரத்தம் கசிந்தால் தாமியா. தோலுக்கடியிலுள்ள தசையை வெட்டினால் பாளிஆ. தசைக்குள் ஆழ்ந்து சென்றால் முதலாஹிமா. தசைக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வை எட்டினால் ஸிம்ஹாக். எலும்பு வெளிப்பட்டால் மூளிஹா. எலும்பை முறித்தால் ஹாஷிமா. முறிந்த எலும்பு இடம் பெயர்ந்தால் முனக்கிலா. மூளையை மூடியுள்ள சவ்வை எட்டினால் மஃமூமா. அச்சவ்வையும் கிழித்தால் தாமிகா.

இவற்றுள் மூளிஹாவுக்கு ஐந்து ஒட்டகங்களும், முனக்கிலாவுக்குப் பதினைந்தும், மஃமூமாவுக்கு முழு இழப்பீடான நூறு ஒட்டகங்களில் மூன்றில் ஒரு பங்கும் என்று தொகை வரையறுக்கப்பட்டது. முதல் ஐந்து சிறு காயங்களுக்கு இவ்வாறு நிலையான தொகை கிடையாது. அவை 'ஹுகூமத்' என்ற முறையில், அனுபவமுள்ளோர் பார்த்து மதிப்பிட்டுத் தீர்க்க வேண்டியவை. தொகை குறிக்கப்படாத காயத்துக்கும் பெயர் மட்டும் தவறாமல் கொடுக்கப்பட்டிருப்பதே இங்கு நாம் வியக்க வேண்டிய செய்தி. இரத்தம் வராத கீறலும் இரத்தம் வந்த கீறலும் வேறு வேறு என்று அவர்கள் கண்டார்கள். பெயரில்லாத ஒன்றை மதிப்பிட முடியாதன்றோ!

இதில் எழுத்தின் பங்கு என்ன என்பதற்கும் நல்லதொரு சான்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்கு அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களை அனுப்பியபோது கொடுத்த கடிதத்தில், காயங்களுக்கும் உறுப்புகளுக்கும் உரிய இழப்பீடுகள் எழுதப்பட்டிருந்தன. கை விரலோ கால் விரலோ ஒவ்வொன்றுக்கும் பத்து ஒட்டகங்கள். பல்லுக்கு ஐந்து என்பன அதில் அடங்கும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விரலுக்கு விரல் வேறுபடுத்தித் தொகை தீர்த்திருந்ததையும், அம்ருவின் குடும்பத்தாரிடம் இருந்த கடிதம் தெரிய வந்ததும் மக்கள் அக்கடிதத்தின்படியே நடந்ததையும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் 'ரிஸாலா'வில் எடுத்துக்காட்டுகின்றார்கள். கலீஃபாவின் தீர்ப்பையே மாற்றும் வலிமை ஓர் எழுத்துக்கு இருந்தது. அந்த எழுத்து பேசியதோ மனிதனின் விரலைப் பற்றி!

மருத்துவர் எழுதிய ஏடு

சட்ட அறிஞர்கள் காயத்துக்குப் பெயரிட்டனர் என்றால், மருத்துவர்கள் நோயாளியின் நிலையை எழுதத் தொடங்கினர். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவி என்பவர், மருத்துவரின் ஒழுக்கத்தைப் பற்றி 'அதபுத் தபீப்' என்ற நூலை இயற்றினார். மருத்துவர் ஒவ்வொரு முறையும் நோயாளியின் நிலையையும் தாம் கொடுத்த மருந்தையும் எழுத வேண்டும். அதன் படியொன்று நோயாளியின் வீட்டாரிடம் இருக்க வேண்டும். நோயாளி இறந்துவிடின் அக்குறிப்பை மற்ற மருத்துவர்கள் ஆராய்ந்து, பிழை நேர்ந்ததா என்று தீர்க்க வேண்டும் என்பது அதில் கண்ட முறை. மருத்துவக் குறிப்பு மருத்துவரின் உடைமை மட்டுமன்று. நோயாளிக்கும் உரியது என்ற கருத்து அதில் பொதிந்திருப்பதைக் காண்கிறோம்.

கி.பி. 925இல் மறைந்த அர்ராஸி அவர்களின் நோயாளர் குறிப்புகளை அவர்தம் மாணவர்கள் நூறு நூறாகத் தொகுத்து வைத்தனர். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி (936–1013) அவர்கள், முப்பது பகுதிகளைக் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கி, கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி மருத்துவமனையில் காய்ச்சலுக்கும் கண் நோய்க்கும் அறுவைக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. நோயைப் பிரித்து வைத்தால்தான் நோயாளியைப் பேண முடியும் என்ற உண்மை அங்கே கட்டடமாகவே எழுந்து நின்றது.

எண்ணாக மாறிய காயம்

ஐரோப்பாவில் இம்முயற்சி சாவுக் கணக்கிலிருந்து தொடங்கியது. லண்டன் நகரின் வாராந்தர மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் 1662இல் நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் நோய்களுக்கு ஒரே சீரான பெயர் வேண்டும் என்று வாதாடினார். 1893இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெர்தியோன் மரணக் காரணங்களின் பட்டியலைத் தயாரித்தளித்தார். 1900இல் பாரிஸில் 26 நாடுகளின் பேராளர் கூடி அதனைத் திருத்தி ஏற்றனர்.

இப்பட்டியல்களெல்லாம் பெரும்பாலும் இறந்தவரையே எண்ணின. காயப்பட்டுப் பிழைத்தவனுக்கு அவற்றில் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற பின், 1948இல் செய்யப்பட்ட ஆறாவது திருத்தத்தில்தான் உயிரோடுள்ளோரின் நோய்களும் காயங்களும் முழுமையாகச் சேர்க்கப்பட்டன. அத்துடன் மற்றொரு நன்மையும் விளைந்தது. காயத்தை இரண்டு விதமாகக் குறிக்கும் முறை அப்போது நிலைபெற்றது: உடலில் நேர்ந்தது என்ன என்பது ஒரு குறியீடு, அதை விளைவித்தது எது என்பது மற்றொரு குறியீடு. 'விரல் வெட்டுப்பட்டது' என்று மட்டும் எழுதினால் மருந்து கொடுக்கலாம். 'எதனால், எங்கே, என்ன செய்கையில்' என்றும் எழுதினால்தான் அடுத்தவரின் விரலைக் காக்கலாம்.

1990இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பத்தாவது திருத்தத்தைக் கொண்டு இதனை விளக்குவோம். காஞ்சியில் தம் வீட்டுத் தறியில் நெய்யும் ஒருவருக்கு நூலறுக்கும் கத்தரிக்கோலால் விரல் வெட்டுப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நகத்துக்குச் சேதமில்லாத விரற்காயம் எஸ் 61.0. நகமும் சிதைந்திருந்தால் எஸ் 61.1. கத்தரிக்கோல், ஊசி, மண்வெட்டி போன்ற கைக்கருவிகளால் நேர்ந்தது என்பதற்கு டபிள்யூ 27. நேர்ந்த இடத்துக்கு ஓர் இலக்கம்: வீடு 0, பள்ளி முதலிய பொது இடம் 2, தொழிற்கூடம் 6, வயல் 7.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. நெசவாளரின் வீடே அவருடைய தொழிற்கூடம். குழித்தறி அமைந்திருப்பது அவர் உண்டு உறங்கும் கூடத்தில். இடம் 'வீடு' என்று எழுதப்பட்டதும், அது ஏதோ வீட்டில் தற்செயலாக நேர்ந்த காயமாகத் தோன்றி, தொழிலால் நேர்ந்தது என்ற உண்மை மறைந்துவிடுகிறது. அதே காயம் ஒரகடத்துத் தொழிற்சாலையில் பட்டால், 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டி வைக்கப்பட்ட விபத்துப் புத்தகத்தில் ஏறும்.

ஆயினும் குறியீட்டை வகுத்தோர் இதனையும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். காயப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு மற்றோர் இலக்கம் உண்டு. விளையாட்டு 0, வருவாய்க்கான உழைப்பு 2, சமையல், துப்புரவு போன்ற ஊதியமில்லா உழைப்பு 3. ஆகவே இடம் வீடாயினும், செய்கை 2 என்று எழுதினால் நெசவாளரின் உழைப்பு மறையாது. அடுப்படியில் கை சுட்டுக்கொண்ட நம் தாய்மாரின் பாடும் உழைப்பாகவே 3 என்ற இலக்கத்தால் ஏற்கப்படுகிறது. இந்த ஓர் இலக்கம் எழுதப்படாமல் வெறுமையாக விடப்பட்டால் இரண்டும் இருளில் போய்விடும். காரணமே கூறப்படாத காயங்களுக்கென்று எக்ஸ் 59 என்றொரு குறியீடும் உண்டு. அக்கறையின்மை கொண்டுபோய்க் கொட்டும் குப்பைக் குழி அது எனலாம்.

பதினொன்றாவது திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய முறைகளின் நோய்ப் பெயர்களையும் குறியீட்டுக்குள் கொணரும் பகுதி 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. ஹகீம்கள் பரம்பரையாக வழங்கி வந்த பெயர்களும் உலக ஏட்டில் இடம் பெறுவது மகிழ்ச்சிக்குரியது.

விரலின் விலை

எழுத்தில் ஏறினால் மட்டும் போதுமா? எழுதப்பட்ட காயத்தை எவ்வாறு மதிப்பது என்பதும் கேள்வியே. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், உறுப்பிழப்பால் குறையும் சம்பாதிக்கும் திறனை நூற்றுக்கு இவ்வளவு என்று அட்டவணையிட்டது. கட்டை விரல் போனால் 30; ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14; நடுவிரல் 12; மோதிர விரலோ சுண்டு விரலோ 7. எலும்பு போகாமல் சுண்டு விரலின் நுனி மட்டும் துண்டிக்கப்பட்டாலும் 2 என்று அது கணக்கிட்டது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இதுவும் இணைக்கப்பட்டது.

அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களின் கடிதத்தில் விரல்கள் யாவும் சமம்; இந்த அட்டவணையில் விரலுக்கு விரல் விலை வேறு. முன்னது மனித உறுப்பின் கண்ணியத்தை நோக்கியது. பின்னது உழைப்புச் சந்தையில் அதன் பயனை நோக்கியது. இரண்டின் நோக்கங்களும் வேறாதலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுபடும் இடம் உண்டு: சுண்டு விரலையும் இரண்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டன.

2015இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். எளிய மக்களும் சேரத்தக்க சிறு தொகையில் நல்ல பாதுகாப்பு. நெசவாளர் பலரும் சேர வேண்டியதே. ஆயினும் அதில் உயிரிழப்புக்கும், கண், கை, கால் ஆகியவற்றை நிரந்தரமாக இழப்பதற்குமே தொகை உண்டு. விரல் அதில் வராது. விரலாலேயே பிழைக்கும் தறிக்காரனுக்கு இது பெருங்குறையன்றோ! இத்தகைய குறையை எடுத்துரைத்துத் திருத்தம் கேட்க வேண்டுமானால் எத்தனை விரல்கள் எவ்வாறு பாழாயின என்ற கணக்கு முதலில் வேண்டும். அக்கணக்கு சிறு காயத்தை எழுதும் கையிலிருந்தே பிறக்க வேண்டும்.

பொய்யாக எழுதப்படும் காயம்

எழுதாமல் விடுவது ஒரு தவறு. பொய்யாக எழுத வைப்பது அதனினும் பெரிய தவறு. அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு என ஒன்று உண்டு. காயப்பட்டவர் எப்போது வந்தார், யார் அழைத்து வந்தார், காயம் எவ்வாறு நேர்ந்ததாக அவரே சொன்னார், அதன் நீள அகலம் என்ன என்பன அதில் எழுதப்படும். நீதிமன்றத்தில் அதுவே சான்றாக நிற்கும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 'கொடுங்காயம்' எனக் கொள்வதற்கு வகுத்த எட்டு வகைகளில் கடைசி, இருபது நாள் கடுந்துன்பம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதனைப் பதினைந்து நாளாகக் குறைத்துள்ளது. நாட்களை எண்ணித் தீர்க்கும் வழக்கில் முதல் நாள் எழுதிய எழுத்து எத்துணை முக்கியம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அங்கே போய், கணவன் அடித்த காயத்தை 'படியில் தவறி விழுந்தேன்' என்று மனைவி சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் மாமியாரோ நாத்தனாரோ அவ்வாறே சொல்லச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். மானம் போகும் என்ற அச்சம். காவல் நிலையம் செல்ல நேரும் என்ற அச்சம். நம் குடும்பங்களில் இது நடப்பதே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்று திருமறை எச்சரித்திருக்க, அந்த ஏட்டில் ஏறும் பொய்க்கு உடந்தையாகும் நாம் எந்த முகத்தோடு இறைவன் முன் நிற்போம்? 'விபத்து' என்ற சொல் வன்முறைக்குத் திரையாகக் கூடாது.

மறையும் காரணம்

சிறு காயத்தால் உயிரே போவதும் உண்டு. முள் குத்திய காலில் இரண ஜன்னி கண்டு மாண்டவர்களைப் பழைய தலைமுறையினர் அறிவர். மேலோட்டமான சிராய்ப்பின் வழியே அந்நோய் வந்து ஒருவர் இறப்பாராயின், குறியீட்டு விதிகளின்படி மரணத்தின் அடிப்படைக் காரணமாக நோயே எண்ணப்படும். முள்ளும் சிராய்ப்பும் அவ்வெண்ணிக்கையில் வாரா. ஆகவே, உயிரோடிருக்கும்போது அந்தச் சிராய்ப்பு எழுதப்பட்டாலன்றி அதற்கு வேறு சுவடே இல்லை. தாய்மார்க்கும் பச்சிளங்குழந்தைகட்கும் வரும் இரண ஜன்னியை நம் நாடு ஒழித்துவிட்டது என்று 2015இல் உறுதி செய்யப்பட்டது. தடுப்பூசியும் தூய பிரசவமும் தந்த பயன் அது. வயலிலும் தறியிலும் உழைக்கும் பெரியவர்களோ தாங்கள் கடைசியாக ஊசி போட்டது எப்போது என்பதையே அறியாமல் இருக்கின்றனர்.

ஆதலின் நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. மருத்துவரிடம் காயத்தைக் காட்டும்போது எங்கே, எப்போது, எந்த வேலையில், எதனால் நேர்ந்தது என்ற நான்கையும் உள்ளபடி சொல்ல வேண்டும். 'தறியில் நெய்யும்போது' என்று எழுதும்படி தயங்காமல் கேட்க வேண்டும். சீட்டைக் கசக்கி எறியாமல், நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். இரண ஜன்னி ஊசி போட்ட தேதியை அதன் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். மஹல்லா ஜமாஅத்துகள் திருமணத்துக்கும் மய்யித்துக்கும் பதிவேடு வைத்திருப்பது போல, உழைப்பில் காயப்பட்ட ஏழைகளுக்காகவும் ஒரு சிறு பதிவேடு வைத்தால் உதவி கேட்கும் நாளில் அது கைகொடுக்கும்.

திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவதாக வரும் அது, கடனை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பது அதன் போதனைகளுள் ஒன்று. சிறு கடனுக்கே இத்துணை வற்புறுத்தல் என்றால், அமானிதமாக நமக்களிக்கப்பட்ட இவ்வுடலின் சிறு காயத்தை எழுதச் சலிப்படையலாமா?

திருமுக்கூடல் கல்வெட்டில் விளக்கெரித்த செலவு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அவ்விளக்கின் வெளிச்சத்தில் கட்டுப் போட்டுக்கொண்டவர்களின் கைகளைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம். தென்னேரிக் கரையில் இன்று கதிர் அறுப்போரின் கைகளும், காஞ்சித் தறியில் இன்று நாடா எறிவோரின் கைகளும் அவ்வாறு மறைந்து போகாதிருக்கட்டும்.